கதவைத் திற இயக்கத்தின் மகத்தான வெற்றி

நகர மன்றத்துக்குச் சொந்தமான வணிக வளாகத்தில், கீழ்த்தளத்து மாடிப்படிக்குப் பின்னால், பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. இருந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. வெள்ளை ஓடு பதித்து, கைகழுவும் தொட்டிக்கு மேல் கண்ணாடி மாட்டி, வாசலில் கல்வெட்டும் வைத்து, ஆணையர் அவர்கள் தமது பொற்கரங்களால் அதைத் திறந்து வைத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அதே பொற்கரங்களால் பூட்டியும் வைத்தார்.

பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வட்டாரத்திலேயே மிகத் தூய்மையான பொதுக் கழிப்பறை எது என்று ஒரு போட்டி நடந்தது. நடுவர்கள் வந்தார்கள், பூட்டைத் திறக்கச் சொன்னார்கள், பார்த்தார்கள், மலைத்துப் போனார்கள். தரையில் ஒரு கால்தடம் இல்லை. குழாயில் ஒரு கைரேகை இல்லை. முதல் பரிசு. மறு வருஷமும் முதல் பரிசு. அதன் பிறகு அதைத் திறப்பது என்பது பரிசைக் குப்பையில் போடுவதற்குச் சமம் என்று நகர மன்றம் ஏகமனதாக உணர்ந்தது. சாவி, ஆணையரின் அறையில் வெற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி மேல் படுத்திருந்தது.

மாடியில் தையல் கடை வைத்திருந்தவளை வளாகத்தில் எல்லோரும் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் உட்கார்ந்தால் கடை சாத்துகிற வரை மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அவ்வளவு சுறுசுறுப்பு என்று ஊர் பாராட்டியது. விஷயம் அதுவல்ல. எழுந்திருக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

முடியவே முடியாது என்கிற நிலை வந்தால் எதிரே இருந்த ஆஸ்பத்திரிதான் கதி. வாசலில் காவலாளி நிற்பான்.

"யாரைப் பார்க்கணும்?"

"மாமியாரை."

"போன வாரமும் மாமியார்தான?"

"இன்னும் குணமாகலையேப்பா."

மாமியார் வீட்டில் திடகாத்திரமாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் அந்தக் காவலாளியின் கணக்கில் அவளுக்கு மூன்று பிரசவம் பார்த்தாகிவிட்டது.

இப்படியே நாளை ஓட்டியதில் தையல்காரம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. கடுப்பு காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. இந்த முறை உண்மையாகவே நோயாளியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் கடிந்துகொண்டார். "சிறுநீரகத்துக்குப் போயிடும்மா. நிறையத் தண்ணி குடிக்கணும்."

"குடிக்கிறது என் கையில இருக்கு டாக்டர். மிச்சம் நகர மன்றத்தோட கையில இருக்கே."

காய்ச்சல் விட்டதும் நேராக நகர மன்றத்துக்குப் போனாள். கூட மூக்குக்கண்ணாடிக்காரியும் போனாள். விசாரணை மேசையில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இங்க வாயால சொல்ற புகாரை நிறுத்திட்டோம்மா. எல்லாம் செயலியில. 'மக்கள் குரல்'னு போட்டுத் தேடுங்க."

"எதிர்ல நின்னு சொல்றேனே, காதுல விழுது இல்ல?"

"விழுதும்மா. ஆனா பதிவாகாது."

அங்கேயே நின்று செயலியைப் பதிவிறக்கினார்கள். கழிப்பறை என்ற தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே, துர்நாற்றம், தண்ணீர் இல்லை, சுத்தம் இல்லை என்று மூன்று வகைப் புகார்கள். பூட்டியிருக்கிறது என்பதற்கு இடமில்லை.

"துர்நாற்றம்னு போடுங்கக்கா" என்றாள் மூக்குக்கண்ணாடிக்காரி.

"உள்ள போனாத்தானடி நாத்தம் தெரியும்? பொய் சொல்லக் கூடாது" என்ற தையல்காரம்மா, சுத்தம் இல்லை என்பதையும் மனசாட்சிக்குப் பயந்து விட்டுவிட்டு, தண்ணீர் இல்லை என்பதைத் தொட்டாள். தனக்குத் தண்ணீர் இல்லை என்ற அர்த்தத்தில் அது உண்மைதான். செயலி உடனே, கழிப்பறைக்கு உள்ளிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னது. வளாகத்துக்குத் திரும்பி வந்து, பூட்டிய கதவில் மூக்கு இடிக்க நின்று படம் எடுத்தாள். செயலி பணிவோடு பதில் அனுப்பியது: 'மன்னிக்கவும். நீங்கள் கழிப்பறைக்குள் இல்லை. புகார் நிராகரிக்கப்படுகிறது.'

"அதான்டா புகாரே!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேல்தளத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவனின் தம்பியும் கூட உட்கார்ந்திருந்தான். அவனை எல்லோரும் டிரெண்டு என்று கூப்பிடுவார்கள். பொதுவிவகார இணையப் பரப்புரை ஆலோசகர் என்பது அவனுடைய உத்தியோகம். அதாவது, யாருக்கு எது வேண்டுமோ அதை ஊரே கேட்பதாக இணையத்தில் காட்டித் தருவான். சாப்பிடும்போதும் இரண்டு போன்கள் தட்டுக்கு இரு பக்கமும் இருக்கும்.

"அண்ணி, இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? எவ்வளவு பெரிய சரக்கு இது! என்கிட்ட விடுங்க."

"சாவி வாங்கித் தருவியா?"

"சாவி சின்ன விஷயம் அண்ணி. இயக்கமே ஆரம்பிச்சுத் தரேன்."

மறுநாள் இயக்கத்தின் முதல் ஆலோசனைக் கூட்டம் தையல் கடையில், வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவே நடந்தது. டிரெண்டு எடுத்த எடுப்பிலேயே ஒரு நிபந்தனை போட்டான்.

"கழிப்பறைங்கற வார்த்தை எங்கயும் வரக் கூடாது."

"கழிப்பறையைத்தானடா கேக்கறோம்?"

"கேக்கறது அதுதான். ஆனா அந்த வார்த்தையை யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க அண்ணி. சாப்பிடுற நேரத்துல பார்ப்பாங்க, அருவருப்பா இருக்கும். கண்ணியமா ஒண்ணு சொல்லணும்." கண்ணை மூடி யோசித்தான். "கதவைத் திற! இது போதும். எந்தக் கதவுன்னு சொல்லாதீங்க. சொன்னா அந்தக் கதவு வேணுங்கறவங்க மட்டும்தான் வருவாங்க. சொல்லலைன்னா எல்லாரும் வருவாங்க."

அவன் சொன்னது பொய்யாகவில்லை. படிக்குப் பின்னால் இருந்த தகரக் கதவு படத்துக்கு எடுப்பாக இல்லை என்று, எந்த நாட்டு அரண்மனையிலோ இருந்த ஒரு பிரம்மாண்டமான மரக்கதவின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டான். கதவு பாதி திறந்திருக்க, இடுக்கு வழியாகச் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தையல்காரம்மாவின் முகம். கீழே ஹேஷ்டேக்.

மக்கள் வெள்ளம் போலத் திரண்டார்கள், அவரவர் வீட்டிலிருந்தபடியே. வேலை கிடைக்காதவர்கள் அது வேலைவாய்ப்பின் கதவு என்று நம்பி ஆதரித்தார்கள். காதலில் தோற்றவர்கள் இதயத்தின் கதவு என்றார்கள். எல்லைகளே இல்லாத உலகம் வேண்டும் என்று ஒரு மாணவர் சங்கம் கையெழுத்திட்டது. தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், கதவு என்பது உண்மையில் கதவே அல்ல என்று நிறுவினார். மரக்கடைக்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரிக் கதவு தம்மிடம் கிடைக்கும் என்று கீழே எழுதினார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுங்கட்சியைப் பார்த்துக் கதவைத் திற என்றார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள், நாங்கள் ஏற்கெனவே திறந்துவிட்டோம், இனி மூட விட மாட்டோம் என்றார்கள்.

தையல்காரம்மா தினமும் கேட்டாள். "தம்பி, சாவி?"

"அண்ணி, பக்கத்து நாட்டுல ரெண்டாவது இடத்துல டிரெண்டாகுது!"

"அந்த நாட்டுக்காரங்க சாவி வெச்சிருக்காங்களா?"

இந்தப் புகழால் கைமேல் ஒரு பலன் கிடைத்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவளைப் பார்த்ததும் பரவசமாகி எழுந்து நின்றான்.

"கதவைத் திற அம்மாதான நீங்க? போன்ல பார்த்தேன்! எங்க வீட்டுல எல்லாரும் உங்க கட்சிதான்." சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா இனிமே உள்ள விட முடியாதும்மா. மாமியார் நல்லாத்தான் இருக்காங்கன்னு பேட்டியில சொல்லிட்டீங்களே. மேனேஜரும் அதைப் பார்த்துட்டாரு."

இருந்த ஒரு கதவும் சாத்திக்கொண்டது. வளாகத்துப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்தே சாத்திக்கொண்டது. செருப்புக் கடைப் பெண் பாதி நாளில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நகல் எடுக்கும் கடைப் பெண், வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். தையல்காரம்மாவுக்கு மறுபடி கடுப்பு ஆரம்பித்தது. மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, வலி விடுகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

இதற்கிடையில் ஆணையருக்கே இயக்கம் பிடித்துப் போனது. ஒரு காலை அவரும் தமது முகப்புப் படத்தை மாற்றி, அந்த மரக்கதவை வைத்துக்கொண்டார். கீழே எழுதினார்: 'இனியும் பொறுப்பதற்கில்லை. கதவைத் திற!'

தையல்காரம்மா அதைப் போனில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே போனாள். இயக்கத்தின் முகம் என்பதால் எழுத்தர் எழுந்து வழிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் சாவி மினுமினுத்தது.

"ஐயா, நீங்களே கதவைத் திறன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா. ஆழ்மனசுலேர்ந்து எழுதினது."

"சாவி உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு."

ஆணையர் திரும்பிப் பார்த்துவிட்டு, வருத்தம் தோய்ந்த குரலில் விளக்கினார். "அது நிர்வாகம்மா. இது இயக்கம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. மனுஷனா உங்க கோரிக்கையை நான் முழுசா ஆதரிக்கிறேன். ஆணையரா உறுதியா எதிர்க்கிறேன். ஒருத்தர் இன்னொருத்தரோட வேலையில தலையிட்டா அது அதிகார துஷ்பிரயோகம் ஆயிடும்."

"அப்ப அந்த ஆணையர்கிட்ட இந்த மனுஷன் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். அவர் கேக்க மாட்டேங்கறார்."

அதே வாரம் எதிர் இயக்கம் ஒன்றும் கிளம்பியது. 'பூட்டைக் காப்போம்' என்று பெயர். நமது பரிசு, நமது தூய்மை, நமது பெருமை. கதவைத் திறக்கச் சொல்பவர்கள் யார், அவர்களுக்குப் பின்னால் இருப்பது யார் என்று அது சரமாரியாகக் கேட்டது. மரக்கதவுப் படத்துக்குப் பதில் அதில் ஒரு தங்கப் பூட்டு ஜொலித்தது. ஒரே இரவில் ஊர் இரண்டாகப் பிளந்து, திறப்பாளர்களும் பூட்டாளர்களும் ஒருவரையொருவர் குடும்பத்தை இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். இரு தரப்பில் ஒருவருக்கும் அது எந்தப் பூட்டு என்று தெரியாது.

யார் பின்னால் இருக்கிறார்கள் என்பது தையல்காரம்மாவுக்கு மறுநாள் சாப்பிடும்போது தெரிந்தது. டிரெண்டின் இடது கைப் போனில் கதவும் வலது கைப் போனில் பூட்டும் இருந்தன. இடது கையால் திட்டி, வலது கையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! என்னைத் திட்டுறதும் நீதானா?"

"பதறாதீங்க அண்ணி. எதிர்ப்பே இல்லாத இயக்கத்தை யாரு பார்ப்பா? வெளியாளு திட்டுனா அசிங்கமாத் திட்டுவான். நான்னா அளவாத் திட்டுவேன். அதான் நம்ம குடும்பத்துக்குள்ளயே வெச்சுக்கிட்டேன்."

கணவன் சோற்றைப் பிசைந்தபடியே, "அதுவும் சரிதான்" என்றான். அவன் யார் எது சொன்னாலும் அதுவும் சரிதான் என்பான்.

சர்ச்சை உச்சத்துக்குப் போன பிறகு நகர மன்றம் சும்மா இருக்க முடியுமா? மக்களின் குரலுக்கு மதிப்பளித்து ஒரு மாபெரும் விழா அறிவித்தது. விழா மேடை, கழிப்பறைக் கதவுக்கு எதிரிலேயே போடப்பட்டது. ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து, தங்கத்தாள் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆணையர் பேசினார். "டிஜிட்டல் யுகத்தில் மக்களின் குரல் ஆட்சியாளர்களின் செவியை எட்டிவிட்டது என்பதை நான் பெருமிதத்தோடு பிரகடனம் செய்கிறேன். இனி இந்தக் கதவு ஒரு சாதாரணக் கதவல்ல. இது பாரம்பரியச் சின்னம். ஆகவே, அதைத் தொடுவது இன்று முதல் தடை செய்யப்படுகிறது."

கைதட்டல் வானைப் பிளந்தது.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்கு அப்போது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி வந்தது. காலையிலிருந்து வரவேற்பு என்ற பெயரில் ஆளாளுக்குக் குளிர்பானம் கொடுத்திருந்தார்கள். மரியாதைக்காகக் குடித்திருந்தாள். எழுந்தாள். விறுவிறுவென்று மாடி ஏறினாள். கடையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அது பழைய காலத்துக் கரிப்பெட்டி, தூக்கினால் தோள்பட்டை இறங்கும். இறங்கி வந்து, மேடையைச் சுற்றிக்கொண்டு போய், பூட்டின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டாள். இரண்டாவது போடில் பூட்டு வாயைப் பிளந்தது.

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சற்று நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். பல வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தவளைப் போல ஒரு பெருமூச்சு விட்டாள். "தண்ணி நல்லா வருதுடி" என்று மூக்குக்கண்ணாடிக்காரியிடம் சொன்னாள். அவ்வளவுதான். வளாகத்துப் பெண்கள் மளமளவென்று வரிசை கட்டினார்கள். சிலர் உள்ளே போய்விட்டு வந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். அன்று மதியம் அந்த மாடிப்படிக்குப் பின்னால் கேட்ட சிரிப்பை அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை.

இந்த நேரமெல்லாம் கூட்டம் எங்கே இருந்தது? கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டைச் சாவியோடு குழுப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்து டிரெண்டு தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணி! என்ன காரியம் பண்ணிட்டீங்க! யாருமே எடுக்கலையே!"

"எதைடா?"

"புரட்சியை!" அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. "வீடியோ இல்லைன்னா நடக்கவே இல்லைன்னு அர்த்தம். இன்னொரு தடவை உடைங்க அண்ணி."

"அதான் திறந்தாச்சேப்பா."

"பூட்டி வெச்சுட்டு உடைப்போம். ஒரு நிமிஷ வேலை."

ஆணையரும் வந்து சேர்ந்தார். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக வழக்குப் போடத்தான் வந்தார். பேச்சைக் கேட்டதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நான் பக்கத்துல நின்னு, 'உடைத்துவிடு தாயே'ன்னு சொல்லலாம். மனுஷனா."

தையல்காரம்மா முதலில் முடியவே முடியாது என்றாள். டிரெண்டு போனைத் திருப்பி, அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டினான். பின்னாலிருந்து விளக்கு அடித்ததில் அவளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தலை கலைஞ்சிருக்கே" என்றாள்.

"அக்கா, நான் உங்களுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றாள், இத்தனை நாள் இயக்கத்தைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக்காரி. செருப்புக் கடைப் பெண் வரிசையிலிருந்து விலகி, உதட்டுச் சாயம் பூசிக்கொள்ள ஓடினாள். உள்ளே இருந்தவளைக் கதவைத் தட்டி வெளியே வரவழைத்தார்கள்.

பழைய பூட்டு பிளந்துபோனதால் புதுசு வேண்டியிருந்தது. இரும்புக் கடைக்காரர், கடையின் பெயர் தெரிகிற மாதிரி எடுப்பதென்றால் தம்மிடம் உள்ளதிலேயே பெரியதைச் சும்மா தருகிறேன் என்றார். தேங்காய் அளவுக்கு இருந்தது அது. கதவைச் சாத்திப் பூட்டினார்கள். விதிப்படி சாவி ஆணையரின் சட்டைப் பைக்குள் போனது. தலை வாரி, உடுப்பு மாற்றி வந்த தையல்காரம்மா, கூட்டம் கோஷம் போட, விளக்குகள் எரிய, இஸ்திரிப் பெட்டியை ஓங்கிப் போட்டாள்.

பூட்டு அசையவில்லை.

இன்னொரு போடு. இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக்காரி முயன்றாள். டிரெண்டு முயன்றான். உணர்ச்சிவசப்பட்ட எழுத்தரும் முயன்றார். பூட்டின் மேல் கீறல்கூட விழவில்லை. இரும்புக் கடைக்காரர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்.

"ஐயா, சாவியைக் குடுங்க" என்றாள் தையல்காரம்மா, மூச்சு வாங்க.

ஆணையர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? சாவி போட்டுத் திறந்தா இவ்வளவு பெரிய போராட்டத்துக்கே அவமரியாதை இல்லையா?"

அவள் மைத்துனனைப் பார்த்தாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிரமாதமா வந்திருக்கு அண்ணி! திறந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும். இப்ப பாருங்க, எல்லாரும் அழறாங்க" என்றான்.

அவள் கையில் இருந்த கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த உட்கார்ந்த கோலத்தையும் எடுத்தார்கள். அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது.

'திறக்காத கதவும் தளராத தாயும்' என்ற அந்தக் காணொளி உலகத்தையே உலுக்கியது. அதை எங்கே, எப்போது அதிகம் பேர் பார்த்தார்கள் என்று டிரெண்டு ஆராய்ந்தான். காலை வேளையில், படுக்கையை விட்டு எழுந்த கையோடுதான் பெரும்பாலோர் பார்த்திருந்தார்கள். எங்கே என்பதை நாகரிகம் கருதி அவன் வெளியிடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கால் மரத்துப்போகிற வரை உட்கார்ந்து, கண் கலங்கி, இதயக்குறி ஒன்றைத் தட்டிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்கள்.

அப்படி ஒரு வீட்டில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று கதவை இடித்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன்! கதவைத் திறங்க!"

உள்ளேயிருந்து தழுதழுத்த குரலில் பதில் வந்தது.

"கொஞ்சம் இரும்மா. நானும் அதுக்குத்தான் போராடிட்டிருக்கேன்."